நாலு சிலிண்டரும் ஊர்ப்பட்ட நிபுணர்களும்

நாலு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின் ஓடுவதற்குத் தேவையானவை நாலே நாலுதான்: காற்று, பெட்ரோல், பொறி, அப்புறம் அதன் சொந்தக்காரர் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது. முதல் மூன்றையும் எப்படியாவது கொண்டுவந்துவிடுவேன். நாலாவதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

என் பெயர் அருள்மேரி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இஞ்சின் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். மைக்ரோமீட்டரும் கையுமாக நின்று, தலைமுடியில் பாதி அளவு பிசகினாலும் தூக்கி எறிகிற வேலை. ஒருநாள் காண்ட்ராக்ட் முடிந்தது என்று எங்களையும் தூக்கி எறிந்தார்கள். அதே கம்பெனியில் ஃபிட்டராக இருந்த பாஸ்கரும் நானும் சேர்ந்து பைபாஸ் ஓரமாக ஒரு ஷெட் போட்டோம். புது வண்டிகள் கண்ணாடி போட்ட ஷோரூமுக்குப் போகும். எங்களிடம் வருவதெல்லாம் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிப்யூட்டரும் வைத்த பழைய பெட்ரோல் வண்டிகள். உங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒன்று நிற்கிறது என்றால் நீங்கள் என் இனம். உட்காருங்கள், சேர்ந்து திட்டலாம்.

மெக்கானிக் எங்கே?

கவரைப்பேட்டையிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஆபீசர், தன் வண்டியைக் குட்டியானை வேனின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. இறங்கியதும், "மெக்கானிக் இல்லியா?" என்றார். "நான்தான் சார், சொல்லுங்க" என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பாஸ்கர் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும். இவர் நேரே போய்க் குந்தி உட்கார்ந்து, அந்தப் பாதங்களிடம் தன் குறையைச் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை பூஜைக்காக இஞ்சினைத் துடைத்தாராம், பிளக் ஒயர்களையெல்லாம் கழற்றிச் சுத்தமாகத் துடைத்து மாட்டினாராம், அதிலிருந்து வண்டி பட்டாசு மாதிரி வெடிக்கிறதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லையாம். "மேரிக்கா கிட்ட சொல்லுங்க சார்" என்றன பாதங்கள்.

பானெட்டைத் திறந்தேன். நாலு ஒயர்களும் மாணவர்கள் வரிசையில் நிற்பதுபோல ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மாட்டியிருந்தன. இந்த இஞ்சினுக்குப் பொறி போகவேண்டிய வரிசை ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. அதை அவரிடம் சொன்னேன். "அதெப்படிம்மா, மூணுக்கு அப்புறம் நாலு, நாலுக்கு அப்புறம் ரெண்டா? கணக்கு உதைக்குதே" என்றார். மூன்று ஒயர்களைப் பிடுங்கி மாற்றி மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அவர் முகம் மலர்ந்தது. திரும்பிப் போய் மறுபடியும் அந்தப் பாதங்களின் முன்னால் குனிந்து சொன்னார்: "தம்பி, அந்தம்மாவுக்கு நல்லா கத்துக் குடுத்திருக்கீங்க!"

ஆயில் ஊறுகிற வண்டி

பொன்னேரிப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர், வண்டி நிறைய சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். ரிப்பேருக்காக இல்லை. வேடிக்கை காட்ட. "எல்லார் வண்டியும் ஆயில் குடிக்கும். என்னுது ஆயில் சுரக்குது. வந்து பாரு" என்று ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி வாளைப்போல உயர்த்திக் காட்டினார். மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய். போன மாசத்தைவிட இந்த மாசம் அதிகமாம். கோயிலில் அதிசயம் நடந்த மாதிரி சிநேகிதர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கையில் பீடி வேறு.

கம்பியை வாங்கி மோந்து பார்த்தேன். பெட்ரோல். பெட்ரோல் பம்புக்குள் இருக்கிற ரப்பர் ஜவ்வு கிழிந்தால், கார்புரேட்டருக்குப் போகவேண்டிய பெட்ரோல் கீழே ஆயிலோடு போய்க் கலக்கும். அளவு ஏறும், ஆயில் தண்ணீராகும், பேரிங்குகள் வழவழப்பில்லாமல் தேயும். ஒரு பொறி பட்டால் மற்றதற்கெல்லாம் வேலையே இருக்காது. "யோவ், பீடியைத் தூக்கிக்கினு அந்தாண்ட போ!" என்று பாஸ்கர் கத்திய கத்தலில் சிநேகிதர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். ஆயிலை வடித்தோம். மூன்றரை லிட்டர் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஐந்துக்கு மேல் வந்தது. புது பம்பு, புது ஆயில், புது ஃபில்டர் போட்டு அனுப்பினோம். தீப்பிடித்திருந்தால் வண்டியோடு அத்தனை பேரும் போயிருப்பார்கள். அடுத்த மாசம் அவர் தனியாக வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கம்பியை என் முன்னால் நீட்டினார்: "நல்லா ஊறிக்கினு இருந்துச்சு. நீ கை வெச்ச பிறகுதாம்மா நின்னுபோச்சு."

முந்நூறு பேர்

ஒரு இஞ்சின் என்ன இஞ்சின் என்று அடையாளம் காண்பது பெரிய வித்தையில்லை. பிளாக்கில் நம்பர் அடித்திருக்கும். அழுக்கைச் சுரண்டினால் தெரியும். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அழுக்கைச் சுரண்டுவதைத் தவிர மற்ற எல்லா வழியும் தெரியும். "சில்வர் கலர் வண்டிக்கு ஹெட் கேஸ்கெட் குடுங்க" என்று ஃபோன் செய்வார்கள். இஞ்சின் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், பேட்டரிமேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் வரும்.

திருநின்றவூரிலிருந்து ஒருவர். தினமும் ரயிலேறிச் சென்னைக்கு ஆபீஸ் போகிறவர். ஆசைக்கு ஒரு பழைய வண்டி வாங்கியிருந்தார். பழைய வண்டிப் பிரியர்களின் ஃபோன் குரூப் ஒன்றில் கேட்டு, ஆயிரத்து முந்நூறு சிசி இஞ்சினுக்கான பிஸ்டன் ரிங்குகளை வரவழைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். இஞ்சினைப் பார்த்ததுமே, "இது ஆயிரம் சிசி சார்" என்றேன். அவர் சிரித்தார். என் கையைப் பிடிக்காத குறையாக வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய், டிக்கியில் ஒட்டியிருந்த '1.3' என்ற எழுத்தைக் காட்டினார். முன்பு வைத்திருந்தவர் கடையில் வாங்கி ஒட்டியது அது. பாதி பிய்ந்து தொங்கியது.

சரி என்று இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் அவரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே அளந்தேன். சிலிண்டர் வாய் அறுபத்தைந்தரை மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற தூரம் எழுபத்திரண்டு. அட்டைப் பெட்டியில் கணக்குப் போட்டு, நாலால் பெருக்கினேன். தொள்ளாயிரத்து எழுபது சிசி. ஆயிரம் என்று விற்கப்பட்ட இஞ்சின். அவர் கொண்டுவந்த ரிங்கை எடுத்துச் சிலிண்டர் வாய்மேல் வைத்தேன். சொம்புக்கு அண்டா மூடி போட்டது மாதிரி உட்கார்ந்தது. "கொஞ்சம் அமுக்கினா போவாதா?" என்றார். "அமுக்கினா போவும் சார், ரெண்டா" என்றான் பாஸ்கர். அவர் அட்டைப் பெட்டியில் இருந்த கணக்கை விரல்விட்டுச் சரிபார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு, என்னைப் புண்படுத்தக் கூடாதே என்கிற தயவோடு சொன்னார்: "உங்க கணக்கு சரியாக்கூட இருக்கலாம் மேடம். ஆனா குரூப்ல முந்நூறு பேர் இருக்காங்க."

காணாமல் போன கம்ப்யூட்டர்

ஒரு வாடிக்கையாளர் தன் மச்சானைக் கூட்டிவந்தார். மச்சான் புது வண்டி சர்வீஸ் ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவர், கையில் ஸ்கேனர். அதை வண்டியில் செருகினால் என்ன கோளாறு என்று திரையில் எழுத்தாக வருமாம். எங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். செருக இடம் தேடினார். சீட்டுக்கு அடியில் தேடினார். டேஷ்போர்டில் சாமான் வைக்கிற பெட்டியைக் கழற்றித் தேடினார். கார்புரேட்டர் வண்டி அது, கம்ப்யூட்டர் என்ற வார்த்தையையே கேள்விப்படாத ஜன்மம். சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தபோது பாஸ்கர் என் கையை அழுத்தினான். அரை மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்த மச்சான், தீர்மானமாகச் சொன்னார்: "மாமா, கம்ப்யூட்டரை எவனோ கழட்டிக்கினு போயிட்டான். முதல்ல ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுங்க."

உப்பு

பழவேற்காடு பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிறவர். தினமும் காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார் என்று அவரே சொன்னார். அப்படி ஒரு மனிதரைப் பார்த்துப் பல வருஷம் ஆனதால் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. அப்புறம் ஏன் வண்டி கொதிக்கிறது என்று பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. பிளாக்கின் பின்பக்கம், தண்ணீர் ஓடும் பாதையை அடைத்திருக்கிற வட்டத் தகடு துருவேறி ஊசித் துளைகள் விழுந்து, கண்ணீர் மாதிரி வடிந்துகொண்டிருந்தது. விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

"எந்தத் தண்ணி ஊத்துவீங்க?" என்றேன். "குட்டைத் தண்ணிதான். வண்டி அங்கதான நிக்குது" என்றார். கடல் தண்ணீர் பாய்கிற இறால் குட்டையிலிருந்து மொண்டு மொண்டு மூன்று வருஷமாக ஊற்றியிருக்கிறார். ஹெட்டைத் தூக்கியபோது தண்ணீர்ப் பாதைகளெல்லாம் கரையான் அரித்த கதவு மாதிரி இருந்தன. இதற்கென்று கூலன்ட் என்று ஒன்று இருக்கிறது, அதை நல்ல தண்ணீரோடு கலந்துதான் ஊற்றவேண்டும், உப்பு இரும்பைத் தின்னும் என்று விளக்கினேன். அவர் குற்ற உணர்ச்சியில் தலைகுனிவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் இஞ்சினைத்தான் கேவலமாகப் பார்த்தார்: "அத்தினி இறாலுக்கு ஒத்துக்கினு கீது. இந்த ஒரு இஞ்சினுக்கு ஒத்துக்கலையாமா?"

நம்பர் அடிக்க வந்தவர்கள்

வசந்தா திருப்பாச்சூர்க்காரி. கணவர் ஒரு ஃபாக்டரியில் வெல்டராக இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலியில் போய்விட்டார். விட்டுப்போனது ஒரு பழைய கார். வசந்தா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, ஃபாக்டரி வாசல்களுக்குக் காலை நாஷ்டா கொண்டுபோய் விற்க ஏற்பாடு செய்திருந்தாள். வண்டியைத் தன் பெயருக்கு மாற்றப் போனபோதுதான் மாட்டிக்கொண்டாள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற இஞ்சின் நம்பர் வேறு, வண்டியில் இருக்கிற நம்பர் வேறு. திருட்டு இஞ்சினாக இருக்கலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவள் பயந்துபோய் ஒரு புரோக்கரைப் பிடித்தாள். புரோக்கர் அவளையும் வண்டியையும் நேரே எங்களிடம் கொண்டுவந்தார்.

அவர் கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே நம்பர் அடிக்கிற இரும்பு அச்சுகள், பூஜ்யம் முதல் ஒன்பது வரை. "ஒண்ணுமில்ல மேடம். அந்த நம்பரை அரைச்சு எடுத்துட்டு, புக்குல இருக்கறதை அடிச்சுடுங்க. பத்து நிமிஷ வேலை" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அச்சுகளை அவர் நெற்றியிலேயே வரிசையாக அடித்திருப்பேன். கிரைண்டர் வைத்த அடுத்த நிமிஷம், யோக்கியமான இஞ்சின் திருட்டு இஞ்சினாகிவிடும். அதற்கப்புறம் எந்தச் சாமி வந்தாலும் அதைத் திருப்ப முடியாது. ஜெயிலுக்குப் போவது புரோக்கர் இல்லை, பெயர் மாற்றக் கேட்ட வசந்தா. இதைச் சொன்னதும் அவர், "இவ்ளோ நாயம் பேசினா தொழில் பண்ண முடியாது" என்று அச்சுகளைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு போய்விட்டார். வசந்தா மட்டும் நின்றாள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்தாள்.

நம்பர் இருக்கிற இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். அரைத்த தடம் இல்லை. எழுத்துகள் எல்லாம் ஒரே ஆழம், ஒரே சீர். கம்பெனியில் அடித்ததுதான். முதல் எழுத்துகளைப் பார்த்தால் அதே ரக இஞ்சின், ஆனால் சில வருஷம் பிந்தியது. "இது திருட்டு மாதிரி தெரியல வசந்தா. பழசு ஜாம் ஆகி, உங்க வீட்டுக்காரர் வேற இஞ்சின் வாங்கிப் போட்டிருக்காரு. வாங்கின பில் எங்கியாவது இருக்கும், தேடு" என்றேன். "எனக்குத் தெரியாம அவரு இஞ்சின் மாத்தினாரா? சான்ஸே இல்லக்கா" என்றாள். நாலாம் நாள் வந்தாள். பரண்மேல் கிடந்த பெட்டியில், அவருடைய பழைய யூனிஃபார்ம் பாக்கெட்டில் பில் இருந்தது. சென்னையில் பழைய இஞ்சின் விற்கிற கடை. அதே நம்பர். எழுத்துப் பிசகாமல்.

அப்புறம் மனு, உறுதிமொழிப் பத்திரம், மூன்று நடை. மூன்றாவது நடைக்கு நானும் கூடப் போனேன். நல்ல வேளை போனேன். பார்க்க வந்த அதிகாரி பானெட்டைத் திறந்து, இஞ்சின் நம்பர் என்று ஆல்டர்னேட்டரில் இருந்த நம்பரைப் பெருமையாக எழுத ஆரம்பித்தார். அவர் விரலைப் பிடித்து, டிஸ்ட்ரிப்யூட்டருக்குக் கீழே பிளாக்கில் இருக்கிற சரியான இடத்தில் வைத்தேன். பத்து நாளில் புத்தகம் வசந்தா பெயருக்கு வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக நாஷ்டா அடுக்குகளோடு எங்கள் ஷெட்டில் வண்டியை நிறுத்தினாள். எனக்கும் பாஸ்கருக்கும் இட்லி எடுத்து வைத்தாள். பில்லின் தேதியை விரலால் தடவிக்கொண்டே இருந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்: "அந்த மாசம் மூணு ஞாயித்துக்கெழம டபுள் டூட்டின்னு போனாரு. கம்பெனில விசாரிச்சா வரவேயில்லன்னாங்க. நான் வேற எதுவோன்னு நெனச்சுக்கினு ரெண்டு மாசம் அவராண்ட பேசலக்கா."

மூக்கு

இதுவரை மற்றவர்களைத் திட்டினேன். இது என் முறை.

சலோமி தொழிற்பேட்டை கேன்டீன் ஒன்றில் சூப்பர்வைசர். பிறந்த வீடு ஆர்.கே.பேட்டை. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பழைய நாலு சிலிண்டர் வண்டி. வாடிக்கையாளர்களிலேயே ஒழுங்கானவள்: நேரத்துக்கு ஆயில், நேரத்துக்கு கூலன்ட், சொன்னபடி டேப்பெட் அட்ஜஸ்ட். ஒருநாள் வந்து, "அக்கா, வண்டிக்குள்ள ஒரு மாதிரி இனிப்பு வாசனை அடிக்குது. முன் கண்ணாடி உள்பக்கமா மங்குது, துடைச்சா பிசுக்குனு ஒட்டுது" என்றாள். நான் வேலை மும்முரத்தில் இருந்தேன். டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தேன். நடுவில் நின்றது. ரேடியேட்டரைப் பார்த்தேன். கொஞ்சம் குறைவு, நிரப்பினேன். டேஷ்போர்டில் தொங்கிய வாசனைப் பாட்டிலைக் காட்டி, "இதுதான் ஊத்துது. கழட்டித் தூக்கிப் போடு" என்றேன். "அது மல்லிகை வாசனைக்கா. இது வேற" என்றாள். பாஸ்கரைப் பார்த்துக் கண்ணடித்தேன். கேன்டீன்காரிக்கு மூக்கு நீளம் என்று அவள் போனபின் ஜோக்கும் அடித்தேன்.

நம் ஊரில் காருக்கு எதற்கு ஹீட்டர் என்று கேட்பீர்கள். ஒருத்தரும் போடுவதில்லை. அதனால் அப்படி ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் அது உட்கார்ந்திருக்கிறது, இஞ்சின் தண்ணீர் அதற்குள்ளேயும் போய்வருகிறது. சலோமி வண்டியில் அந்த ஹீட்டர்தான் ஒழுகியது. கூலன்ட்டுக்கு இனிப்பு வாசனை உண்டு என்பது எனக்குத் தெரியாததா? மல்லிகைப் பாட்டிலைப் பார்த்த கண், காலடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

பத்தாம் நாள் சலோமி ஊருக்குப் போயிருந்தபோது, நிறைமாசமாக இருந்த தங்கைக்கு வலி கண்டது. வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறாள். வழியில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறவில்லை. கீழே இறங்கியது. வண்டி குளிர்ச்சியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். முள்ளுக்குச் சேதி சொல்கிற சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் வேலை செய்யும். தண்ணீரே இல்லாவிட்டால் அது என்ன சொல்லும்? பாதி வழியில் இஞ்சின் ஒரு முறை இழுத்து நின்றது. ரெண்டு பக்கமும் வயல், மத்தியான வெயில், பின் சீட்டில் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு கத்துகிறாள். சலோமி நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்று, வந்த பால் வேனை மறித்திருக்கிறாள். கேன்களுக்கு நடுவில் தங்கையைப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்த கால் மணி நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். இருவரும் நலம்.

அன்று சாயந்திரம் ஃபோனில் அவள் இதைச் சொல்லச் சொல்ல, நான் ஷெட்டில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் பாஸ்கரும் நானும் போய் வண்டியை இழுத்து வந்தோம். காலடி மேட்டைத் தூக்கினேன். அடியில் பச்சையாகக் குளம். ஹெட் வளைந்துபோயிருந்தது. லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டு, ஹீட்டருக்குப் போகிற குழாய்களைத் துண்டித்து நேராக இணைத்தோம். வண்டியை எடுக்க வந்தபோது, "என் தப்புதான் சலோமி. நீ சரியாச் சொன்ன, நான்தான் கேக்கல" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. சாவியை வாங்கிக்கொண்டு, குழந்தைக்கு வாங்கிய கொசுவலையைப் பின் சீட்டில் வைத்தபடி அவள் சொன்னது இதுதான்: "பரவால்லக்கா. இனிமே வாசனைன்னு சொல்லமாட்டேன், லீக்குன்னு சொல்றேன். அப்பவாவது மேட்டைத் தூக்கிப் பாருங்க."

பழைய வண்டிக்கு வயசாகிவிட்டது என்று ஊரே சொல்கிறது. நான் பார்த்தவரையில், எங்கள் ஷெட்டில் வயசுக்கேற்ற புத்தியோடு நடந்துகொள்வது அது ஒன்றுதான்.